தேசப்பன் அரைத்த பச்சிலை

எங்கள் சந்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் போதும், வீட்டுக்கு ஒரு டாக்டர் முளைத்துவிடுவார். ஒருவர் கஷாயம் சொல்வார். ஒருவர் தாயத்து சொல்வார். இன்னொருவர் தன் மச்சினிக்கு இதே மாதிரி வந்து செத்துப்போன கதையை விலாவாரியாகச் சொல்லி ஆறுதல் தருவார். எதிர்வீட்டு தேசப்பன் அந்தக் கூட்டத்தில் சேராதவர். தன் வீட்டுக்கு நோய் வரும்வரை யாருக்கும் எந்த வைத்தியமும் சொன்னதில்லை. வாழ்க்கையில் அவர் பார்த்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அது அவரைப் படுத்திய பாட்டை நான் என் வாசலில் இருந்தே பார்த்தேன்.

மந்தைவெளி டிப்போவுக்குப் பின்பக்கம் இருக்கிறது எங்கள் சந்து. தேசப்பன் பஸ் டிரைவர். அடையாறு, தி.நகர் என்று அதே ரோடுகளில் தலை நரைக்கிறவரை போய்வந்து, ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்தார். நெடுநெடுவென்று உயரம், வெடுக்கென்று பேச்சு. சந்துக்குள் யாராவது பைக்கைக் குறுக்கே நிறுத்தினால், "இன்னா நைனா, உங்கப்பன் ஊட்டு ரோடா?" என்று ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் அந்த பைக் என்னுடையதாக இருக்கும் என்பதால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவு சுமுகமில்லை.

வீடு அவருடைய அப்பா கட்டியது. வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு மண் உண்டு. எங்கள் சந்தில் இன்றைக்கு மண் தெரிகிற வாசல் அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லோரும் வண்டி நிறுத்த சிமெண்டு பூசிக்கொண்டாயிற்று, நான் உட்பட. அந்தத் துண்டு மண்ணை ஆண்டவர் தேசப்பனின் மனைவி விஜயலக்ஷ்மி. சந்துக்கு விஜி அக்கா.

ஓரத்தில் ஒரு நந்தியாவட்டை, கேட் பக்கம் துளசி. மற்றபடி பாத்தி முழுக்கக் கனகாம்பரம். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் செடி சுருண்டுவிடும். அதனால் லாரித் தண்ணீரில் மிச்சம் பிடித்தும், அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்து வைத்தும் அக்கா அதை வளர்த்தார்.

"வாசனையே இல்லாத பூவுக்கு இவ்வளவு உபசாரமா அக்கா?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"வாசன இன்னா வாசன? மல்லி பொழுது சாயறதுக்குள்ள கறுத்துப் பூடுது. இத்தப் பாரு, நாளைக்கு வெச்சாலும் இப்பிடியேதான்" என்றார்.

சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து கட்டுவார். கட்டியதில் ஒரு துண்டு தெருமுனை அம்மனுக்கு, ஒரு துண்டு தன் தலைக்கு, ஒரு துண்டு மதில் மேல். மார்பு உயர மதில் அது. அதற்கு அந்தப் பக்கம் நஸ்ருன்னிசா வீடு. அவருடைய வீட்டுக்காரர் அன்வர் பாஷா ஆட்டோ ஓட்டுகிறவர். "நஸ்ரு" என்று இங்கிருந்து ஒரு குரல் போகும். அங்கிருந்து வளையல் போட்ட கை ஒன்று வந்து பூவை எடுத்துக்கொள்ளும். நோன்பு மாதத்தில் அதே மதில் வழியாகக் கஞ்சி இந்தப் பக்கம் வரும். எனக்குத் தெரிந்து அந்த மதிலால் இரண்டு வீட்டுக்கும் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

தேசப்பன் ரிட்டயர் ஆன கொஞ்ச நாளிலேயே விஜி அக்காவுக்குக் கண் மஞ்சளானது. பிறகு வயிறு வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். குடிக்கிறவர்களுக்குத்தானே அது வரும் என்று எங்கள் சந்து டாக்டர்கள் அவர் காதில் விழும்படியே பேசினார்கள். கல்யாண வீட்டில் கலர் சோடாவைத் தவிர வேறெதையும் தொட்டறியாத பெண். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அன்வர் பாஷாவின் ஆட்டோவில் போவார்கள். துணைக்கு நஸ்ருன்னிசாவும் ஏறிக்கொள்வார். அங்கே போய் இறங்கியதும் தேசப்பன் நேராக மாத்திரை வாங்குகிற வரிசைக்குப் போய்விடுவார். விஜி அக்காவோடு டாக்டர் அறைக்குள் போகிறவர் நஸ்ருன்னிசாதான். எதிரே தண்ணி லாரி ஏறி வந்தாலும் ஸ்டியரிங்கை அசைக்காத மனிதர், டாக்டர் வாயிலிருந்து என்ன வருமோ என்று பயந்து வரிசையில் ஒளிந்துகொண்டார். அதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். அந்த வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் டில்லிபாபு வந்தார். தேசப்பனின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், பழைய கூட்டாளி. ஈரக் கோணிப்பை ஒன்றைத் தூக்கி வந்து வாசலில் கொட்டினார். தழையும் தண்டுமாகப் பச்சைப்பசேலென்று ஒரு கொடி, நடுநடுவே மஞ்சள் பூ.

"மச்சி, மஞ்சக் கரிசலாங்கண்ணி. ஈரலுக்கு இத்த உட்டா வேற மருந்தே கெடையாது. பெசன்ட் நகர்ல ஒரு பங்களாவுல இத்தப் போயி குப்பைனு பிடுங்கிப் போட்டுக்கினு கீறானுங்க. அப்பிடியே அள்ளிகினு வந்துட்டேன்."

"மருந்தைப் போயி குப்பைல போட்டானுங்களா? பணம் இருந்து இன்னா பண்றது" என்று தேசப்பனும் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பங்களாக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். எதற்காக அவர்கள் பிடுங்கிப் போட்டார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. மதிலை ஒட்டி, கனகாம்பரப் பாத்தியின் ஓரத்தில், தேசப்பன் தன் கையாலேயே நட்டார்.

அன்றிலிருந்து விடிந்தும் விடியாததுமாக எதிர்வீட்டில் அம்மிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மிக்சியில் போட்டால் சூடேறிச் சத்து போய்விடும் என்று டில்லிபாபு சொல்லியிருந்தாராம். கைப்பிடி இலையைக் கிள்ளி, மண் போகக் கழுவி, விழுதாக அரைத்து, மோரில் கரைத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவார். டிப்போவில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த டம்ளர், அடியில் அவர் பேர் வெட்டியிருக்கும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் விஜி அக்கா கையில் அதைக் கொடுத்துவிட்டு, குடங்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு லாரித் தண்ணீர் பிடிக்கப் போவார். திரும்பி வருகிறபோது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"குடிச்சியாமே?"

"குடிச்சேன்யா. ஒரே கசப்பு."

"கசந்தாத்தான் மருந்து" என்பார். அந்தக் கசப்பு அவருக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

கொடி சும்மா இருக்கவில்லை. தரையில் படுத்து ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டது. வெட்டிப் போட்ட துண்டு கூட விழுந்த இடத்தில் பிழைத்துக்கொண்டது. மழை ஒன்று பெய்ததும் பாத்திக்குள் இறங்கி, கனகாம்பரத்தின் இடுப்பு வரை ஏறிவிட்டது. நான் பைக் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தேசப்பன் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"உன் பூவுல ஏறிகினு வருதேமே. ஓரத்துல கொஞ்சம் வெட்டி உட்டுடவா?"

"மருந்த யாராவது வெட்டுவாங்களா? உடு. பூவு எங்கப் போயிடப் போவுது" என்றார் விஜி அக்கா.

பூ போய்விட்டது. முதலில் செடிகள் வெளுத்தன, பிறகு குச்சியாகின, பிறகு இருந்த இடம் தெரியவில்லை. சாயங்காலம் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மதில் மேல் பூ வைப்பதும் நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. "என்னக்கா, பாத்தியே போச்சே" என்றேன். அவர் உள்ளே அம்மிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"போனாப் போவுது. வேலைய உட்டதுல இருந்து அந்த மனுசன் காலைல சிரிச்ச மூஞ்சியா எந்திரிச்சி இப்பதான் பாக்கறேன்."

நோயாளி சலிப்பில் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை நாளில் விஜி அக்கா இறந்தார். வாசலில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் அந்தக் கொடி மழையில் குளித்து மஞ்சளாகப் பூத்திருந்தது. வாசல் நிறையப் பூ, தலையில் வைக்க ஒன்று கூட இல்லை. நஸ்ருன்னிசா கோயில் மாட வீதிக்கு ஆட்டோவில் போய், கடை கடையாகத் தேடி ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்து, தானே அவர் தலையில் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் தேசப்பன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காரியம் முடிந்ததும் அவர் செடியைக் கைவிடவில்லை. முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார். நோய் முற்றிய பிறகுதான் விஜிக்கு இது கிடைத்தது, முன்னாலேயே கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எல்லோரிடமும் சொன்னார். கேட்டில் ஒரு அட்டையைக் கட்டினார்: 'மஞ்சள் கரிசலாங்கண்ணி இங்கே இலவசம்.' இனி ஒருத்தி இப்படிப் போகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அந்த அட்டையைப் பார்த்தபோது அவருடைய முரட்டுப் பேச்சையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் காவேரி என்ற பெண் வந்தார். அடையாறில் ஒரு சித்த வைத்தியரிடம் மருந்து கட்டுகிற வேலை. செடியைப் பார்த்ததும் குனிந்தார், ஒரு இலையைக் கிள்ளினார், தயங்கினார்.

"ஐயா, இது அது இல்லீங்க."

"நல்லாப் பாரும்மா."

"இலையப் பாருங்க. ரெண்டு பக்கமும் பிரிஞ்சி மூணு நுனியா இருக்கு. மருந்துச் செடியோடது இப்படிப் பிரியாது, நீளமா இருக்கும். இது அழகுக்கு வைக்கிறது. நர்சரில சிங்கப்பூர் டெய்சின்னு விப்பாங்க. ரோட்டுக்கு நடுவுல கூட வச்சிருக்காங்களே, பார்த்ததில்லையா? ஒரு இடத்துல புகுந்துட்டா வேற எதையும் வாழ விடாது."

தேசப்பனும் ஒரு இலையைக் கிள்ளி விரித்துப் பார்த்தார். பிறகு, "இத்த அரைச்சிக் குடிச்சா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"இதையா? யாரும் குடிக்க மாட்டாங்களே ஐயா" என்றார் காவேரி. தேசப்பன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ரோட்டு நடுவில் இருக்கிற செடியை அவருக்கா தெரியாது? டிரைவர் சீட்டு வலது பக்கம். சிக்னலில் பஸ் நிற்கிற போதெல்லாம், கையை வெளியே நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்த மஞ்சள் பூ புகையில் ஆடிக்கொண்டு நின்றிருக்கிறது. வருஷக்கணக்காகப் பார்த்த செடி. அதே செடி ஈரக் கோணிப்பையில் மருந்தாக வந்தபோது அடையாளம் தெரியவில்லை. இதை அவர் பின்னால் என்னிடம் சொன்னபோது தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறவர் மாதிரி விரலை நீட்டிக்கொண்டு சொன்னார்.

அட்டை இறங்கியது. தேசப்பன் டில்லிபாபுவின் வீட்டுக்கே போய் அவர் சட்டையைப் பிடித்தார் என்று கேள்வி. வெறும் கையால் கொடியைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். பிய்த்த துண்டெல்லாம் மறுபடி துளிர்த்தது. பெருங்குடியில் கட்டிக்கொடுத்த மகள் ரத்னா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து கெஞ்சுவாள். வாளி அப்படியே திரும்பிப் போகும். என்ன ஆயிற்று என்று மகளிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கிறேன், என் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குன்று மணல். பக்கத்தில் சிமெண்டு மூட்டைகள். இத்தனை காலமும் என் பைக்குக்காக நான் வாங்கிய திட்டுகளையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற நாள் வந்துவிட்டது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

"இது என்ன, உங்க அப்பன் வீட்டு ரோடா?"

தேசப்பன் நிமிர்ந்து பார்த்தார். "வாரிடறேன் சார்" என்றார். என்னை அவர் சார் என்று கூப்பிட்டதே இல்லை. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன்.

"எதுக்கு இந்த மணல்?"

"இந்த ஊட்ல மண்ணே தெரியக் கூடாது. எதுவும் மொளைக்கக் கூடாது." சொல்லிவிட்டு மணல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் அவளக் கொன்னுட்டேன். தெனம் என் கையால அரைச்சி ஊத்தினேன். டாக்டரு மாத்திரையில பொழைச்சிகினு இருந்தவள நான்தான்…" என்று காவேரி வந்ததில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அப்போது மதிலுக்கு மேலே நஸ்ருன்னிசாவின் தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ண்ணா, அப்பிடிச் சொல்லாதீங்க. விஜி என்கிட்ட சத்தியம் வாங்கிகினா, நான் அத்த இப்ப ஒடைக்கிறேன். அல்லா மன்னிக்கட்டும். அவ ஒரு வாய் கூட குடிக்கலண்ணா."

தேசப்பன் எழுந்து நின்றார்.

"நீங்க கொடத்த எடுத்துகினு தெருமுனை திரும்பினதும் 'நஸ்ரு'ன்னு கூப்புடுவா. மதில் மேல டம்ளர் இருக்கும். நான் எடுத்து எங்க ஊட்டு ஜலதாரையில ஊத்திட்டு, நல்லா கழுவித் திருப்பி வெச்சிடுவேன். கடைசில அவளால எழுந்திரிக்க முடியாதப்ப நானே வந்து எடுத்துகினு போனேன். ஒரு நாள் தப்பல."

"கசக்குதுன்னாளே" என்றார் தேசப்பன்.

"டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாரு, நாட்டு மருந்து எதுவும் உள்ள போவக் கூடாதுன்னு. ரொம்ப நாளு தாங்காதுன்னும் அன்னிக்குத்தான் சொன்னாரு. நீங்க மாத்திரை லைன்ல நின்னுகினு இருந்தீங்க."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா அவளுக்கு?"

"நானும் அத்தயேதான் கேட்டேன். 'அந்தாளு கைக்கு வேற வேல இல்ல நஸ்ரு. அரைக்கிறவரைக்கும் நான் பொழைச்சிடுவேன்னு நெனச்சிகினு கீது. அரைக்கட்டும் உடு'ன்னா."

தேசப்பன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அதை நான் பார்த்தேன். தூக்கு மேடையில் இருந்து இறக்கிவிடப்பட்டவனின் முகம். அது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. பிறகு அவர் மெதுவாகத் திரும்பி அந்தப் பாத்தியைப் பார்த்தார்.

"அப்ப பூவு? குடிக்காத மருந்துக்கா அவ பூவெல்லாம் போச்சு? வெட்டி உட்டுடவான்னு கேட்டேனே. வோணாம்னாளே."

நஸ்ருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்கு மட்டும் ஒரு நாள் அழுதாண்ணா. கடைசிச் செடி போன அன்னிக்கு."

அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் அழுதார். நடுச்சந்தில், மணல் மேல் மண்டியிட்டு, வாய்விட்டு. சாவு வீட்டில் கூட அவர் அப்படி அழவில்லை. நான் அவர் தோளில் கை வைத்தேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. வேலையை விட்டு வந்த ஒருவரின் காலை நேரத்துக்காகத் தன் பாத்தியையே கொடுத்துவிட்டுப் போன பெண்ணை நான் அலுத்துக்கொண்டவள் என்று நினைத்திருந்தேனே என்று இருந்தது.

சிமெண்டு பூசவில்லை. அந்த மணல் என் மாடிப்படிக்கு உதவியது. தேசப்பன் தினமும் காலையில் அம்மிக்குப் பதிலாக ஒரு களைக்கொத்தோடு உட்கார்ந்தார். கொடியை வேரோடு தோண்டி, ஒரு கணு கூடக் கீழே சிந்தாமல் பையில் கட்டி, வெயிலில் காயப்போட்டார். ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் மதில் ஓரத்தில் எங்காவது மூன்று நுனி இலை ஒன்று எட்டிப்பார்க்கும், அவர் போய்ப் பிடுங்குவார். டில்லிபாபு மறுபடி வந்து போகிறார், கையை வீசிக்கொண்டு வருகிறார். ரத்னா நர்சரியில் இருந்து கனகாம்பர நாற்று வாங்கி வந்து நட்டாள். பங்குனியில் அது பூத்தது.

தேசப்பனுக்குப் பூக் கட்ட வராது. பறித்த பூவை ஆயுத பூஜை டம்ளரில் போட்டு மதில் மேல் வைத்து, "நஸ்ரும்மா" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தப் பக்கமிருந்து வளையல் போட்ட கை வரும். கொஞ்ச நேரத்தில் விஜி அக்காவின் படத்துக்கு ஒரு துண்டு கட்டிய பூ திரும்பி வரும், கூடவே டம்ளரும், சொட்டச் சொட்டக் கழுவி. பூ வைத்த டம்ளரை எதற்குக் கழுவ வேண்டும் என்று ஒருநாள் நஸ்ருன்னிசாவிடம் கேட்டேன்.

"பழக்கம் ஆயிடுச்சி" என்றார்.